கண்ணுக்கு எட்டும், கைக்கு எட்டாது

2025 மார்ச் 13ஆம் தேதி இரவு. தெற்குக் கலிஃபோர்னியாவில் பிக் பேர் ஏரியை ஒட்டிய மலைச்சரிவில் பனி விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஜெஃப்ரி பைன் மரத்தின் உச்சியில், தரையிலிருந்து சுமார் 145 அடி உயரத்தில், ஜாக்கி என்ற வெண்தலைக் கழுகு தன் மூன்று குஞ்சுகளையும் வயிற்றுக்கு அடியில் வாரி வைத்துக்கொண்டு கூட்டில் படுத்திருந்தது. அங்கே இரவு என்றால் இங்கே பகல். ஜன்னலுக்கு வெளியே வெயில் ஏறிக்கொண்டிருக்க, நான் பார்த்துக்கொண்டிருந்த திரையில் எல்லாமே கறுப்பு வெள்ளை. கழுகின் முதுகில் பனி படியும், அது உடம்பைச் சிலுப்பி உதறும், மறுபடி படியும். மணிக்கணக்கில் இதேதான். விடிந்து இரை ஊட்டும் நேரம் வந்தபோது கூட்டின் குழியிலிருந்து இரண்டு தலைகள்தான் எழுந்தன. மூன்றாவது எழவில்லை.

அந்த இரவை உலகின் பல மூலைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு போர்வையை எடுத்துப் போர்த்திவிட மனம் துடிக்காதவர் அவர்களில் இருந்திருக்க மாட்டார். ஆனால் யாராலும் எதுவும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. நேரலை கேமரா நமக்கு ஒரு கண்ணைத் தருகிறது, கையைத் தருவதில்லை. காட்டுப் பறவைகளையும் உயிரியல் பூங்கா விலங்குகளையும் இப்படிப் பின்தொடர்வதில் உள்ள இன்பம், வேதனை, சண்டை, பயன் எல்லாமே அந்த ஓர் இடைவெளியிலிருந்துதான் கிளம்புகின்றன. சில ஆண்டுகளாகப் பார்த்துவருபவன் என்ற முறையில் இதுதான் என் எண்ணம்.

இதன் வரலாறு சுருக்கமானது. 1991ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில், பாத்திரத்தில் காபி மிச்சம் இருக்கிறதா என்று இருக்கையை விட்டு எழாமலே தெரிந்துகொள்ள ஒரு கேமரா வைத்தார்கள். 1993ல் அது இணையத்துக்கு வந்தது. வெப்கேமரா என்பதற்கு அதுதான் தொடக்கப்புள்ளி. காபியிலிருந்து மீன் தொட்டிக்கும் அங்கிருந்து காட்டுக்கும் போவதற்கு அதிக காலம் ஆகவில்லை. 1998ல் ஆப்பிரிகேம் என்ற தென்னாப்பிரிக்க நிறுவனம் நீர்க்குட்டைகளின் கரையில் கேமரா வைத்து, தண்ணீர் குடிக்க வரும் யானைகளைக் காட்டத் தொடங்கியது. 2000ல் வாஷிங்டனின் தேசிய உயிரியல் பூங்கா பாண்டா கேமராவை ஆரம்பித்தது. 2011ல் அயோவா மாநிலத்தின் டெக்கோரா என்ற சிற்றூரில் ஒரு கழுகுக் கூடு திடீரென்று உலகப் புகழ் பெற்றது. 2012ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் தன் வளாகத்து விளக்குக் கம்பத்தில் கூடு கட்டியிருந்த செவ்வால் பருந்துகளைக் காட்டியது. அதே ஆண்டு அலாஸ்காவின் காட்மாய் தேசியப் பூங்காவில் சால்மன் மீன் பிடிக்கும் கரடிகளும் நேரலைக்கு வந்துவிட்டன.

கேமரா எப்படி அங்கே போகிறது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். முட்டையோ குஞ்சோ இருக்கும்போது மரத்தில் ஏறினால் தாய்ப்பறவை கூட்டையே கைவிட்டுவிடலாம். அதனால் கூட்டில் யாரும் இல்லாத மாதங்களில்தான் ஆட்கள் ஏறுவார்கள். கழுகுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருப்பதால் அரசு அனுமதியும் வேண்டும். பிக் பேர் கூட்டில் 2015ல் முதல் கேமராவும் 2021ல் தொலைவிலிருந்து பார்க்கும் இரண்டாவது கேமராவும் வந்தன. சூரிய ஒளி மின்சாரத்தில் அவை ஓடுகின்றன. இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும். கழுகின் கண்ணுக்கு அந்த ஒளி தெரியாது, அதற்கு அது முழு இருட்டுதான். அப்புறம், பருவத்தின் நடுவில் கேமரா பழுதானால் பழுதானதுதான். சரிசெய்ய யாரும் ஏற மாட்டார்கள். கூடு கட்டும் காலத்தில் மரத்தைச் சுற்றியுள்ள காட்டுப்பகுதியை வனத்துறை மூடிவிடுகிறது. அந்த மரத்தின் அடிக்கு மனிதர் போக முடியாத அதே மாதங்களில்தான் உச்சியை உலகமே பார்க்கிறது.

பிக் பேர் பள்ளத்தாக்கின் நண்பர்கள் என்ற உள்ளூர் அமைப்பு இந்தக் கேமராக்களை நடத்துகிறது. ஜாக்கி 2012ல் பொரித்த பறவை. ஷேடோ என்ற ஆண் கழுகு 2018ல் வந்து சேர்ந்தது. 2019ல் இந்த ஜோடிக்கு இரண்டு குஞ்சுகள் பொரித்தன. அவற்றில் குக்கி மே மாதக் கடைசியில் வீசிய குளிர்ப் புயலில் இறந்தது, சிம்பா பறந்து போனது. 2022ல் ஸ்பிரிட் என்ற ஒரே குஞ்சு தேறியது. 2023ல் முட்டைகள் பொரிக்கவில்லை, அவற்றை அண்டங்காக்கைகள் கொத்திக்கொண்டு போயின. 2019 முதல் 2025 வரை 7 பருவங்களில் இந்தக் கூட்டிலிருந்து பறந்து போன குஞ்சுகள் 4 மட்டும்தான்.

2024ஆம் ஆண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜனவரியில் ஜாக்கி மூன்று முட்டை இட்டது. பிப்ரவரியில் ஒரு பனிப்புயல் வந்தபோது கிட்டத்தட்ட 62 மணி நேரம் முட்டைகளை விட்டு எழாமல் அடைகாத்தது. ஷேடோ வந்து மாற்றிவிடப் பார்த்தாலும் இடம் கொடுக்கவில்லை. வெண்தலைக் கழுகுக்கு அடைகாலம் 35 முதல் 39 நாள். மார்ச் பிறந்ததும் ஓட்டில் விரிசல் தெரிகிறதா என்று எல்லாரும் தேட ஆரம்பித்தார்கள். முட்டையின் ஒவ்வொரு கறையும் விரிசலாகத் தெரிந்தது. 40 நாள் ஆயிற்று, 45 ஆயிற்று. மூன்றும் கூமுட்டை. நம் ஊரில் சாதாரணமாக ஒருவரைத் திட்டப் பயன்படுத்தும் அந்தச் சொல், அடைக்கோழி வளர்த்த வீடுகளில் எவ்வளவு ஏமாற்றத்தோடு பிறந்திருக்கும் என்று எனக்கு அந்த மாதத்தில்தான் உறைத்தது. அதற்குப் பிறகும் இரண்டு பறவைகளும் முறை வைத்து வந்து அடைகாத்தன. நாளாக நாளாகக் கூட்டை விட்டுப் போகும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. ஒரேயடியாகக் கைவிடவில்லை. பறவைக்குத் துக்கம் உண்டா என்று நான் இங்கே வாதாடப் போவதில்லை. விட்டுவிடுவதற்கு அவ்வளவு நாள் ஆகும் என்பது மட்டும் கண்ணால் கண்டது.

தொலைக்காட்சி ஆவணப்படத்தில் இந்த ஆண்டு இடம்பெற்றிருக்காது. படத்தொகுப்பாளர் பொரித்த ஆண்டைத்தான் எடுத்துக்கொள்வார். அதிலும் 38 நாள் அடைகாலம் 20 விநாடியில் முடிந்துவிடும். புலி பாயும், மான் விழும், கழுகு மீனைத் தூக்கும். நாம் இயற்கை என்று நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி இப்படி வெட்டி ஒட்டிய சில நிமிடங்கள். கேமராவை வெறுமனே ஓடவிட்டால் தெரிவதோ, ஒரு பறவையின் வாழ்க்கையில் பெரும்பகுதி உட்கார்ந்திருப்பதும் காத்திருப்பதும் என்பது.

அப்படிப் பார்த்தால்தான் சின்னச் சின்ன விஷயங்கள் கண்ணில் படும். ஒரு மீனை முதுகெலும்பு முறியப் பிடிக்கும் நகங்கள் அவை. முட்டைகளுக்குப் பக்கத்தில் நடக்கும்போது கழுகு அந்த நகங்களை உள்ளே மடக்கி, காலைப் பொத்திய கைபோல ஆக்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஆடி ஆடி நடக்கும். உட்காரும் முன் அலகால் முட்டைகளை மெல்லப் புரட்டும். பிறகு வயிற்றில் இறகு உதிர்ந்த வெற்றுத் தோல் முட்டைமேல் படும்படி இடமும் வலமும் அசைந்து இறங்கும். ஷேடோ தன் முறைக்காக வந்து பக்கத்தில் நிற்கும், ஒரு சுள்ளியைக் கொண்டுவந்து வைக்கும், ஜாக்கி அசையாது, இன்னும் ஒரு சுள்ளி வரும். கடைசியில் ஜாக்கி எழுந்தால் ஒரு விநாடி தாமதிக்காமல் அந்த இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்பன் கழுகு அடைகாக்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அதற்கு அவ்வளவு ஆசை இருக்கும் என்று யாரும் எழுதியிருக்கவில்லை.

குஞ்சு வெளியே வருவதும் நாம் நினைப்பதுபோல் டப்பென்று ஓடு உடைந்து நடப்பதில்லை. அலகின் நுனியில் இருக்கும் முட்டைப்பல் என்ற சிறு முனையால் உள்ளிருந்து குத்திக் குத்தி ஒரு பொத்தல் போடும். அதிலிருந்து முழுதாக வெளியே வர ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். தாய் உடைத்துவிட உதவுவதில்லை. 2025 மார்ச் 3, 4, 8 தேதிகளில் மூன்று குஞ்சுகள் வந்தன. ஐந்து நாள் இடைவெளி என்பது கழுகுக் குஞ்சுக்குப் பெரிய வித்தியாசம். மூத்தது தலையைத் தூக்கி இரை வாங்கும்போது கடைசி, ஈரம் காயாத பஞ்சு உருண்டையாகக் கிடந்தது. பனிப்புயல் வந்தது கடைசிக் குஞ்சு பொரித்த ஆறாம் நாள். இறந்த குஞ்சுக்கு மிஸ்டி என்றும், பிழைத்த இரண்டுக்கு சன்னி, கிஸ்மோ என்றும் பெயர் வைத்தார்கள். உயிரோடிருந்த இரண்டின் பெயர்களையும் அந்த ஊர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள்.

இப்போது கைக்கு வருவோம். ஏன் யாரும் ஏறிப் போய்க் காப்பாற்றுவதில்லை?

இதைக் கேட்டு நடந்த சண்டைகள் கொஞ்சமில்லை. 2014ல் மினசோட்டா மாநில இயற்கை வளத்துறையின் கேமராவில் ஒரு கழுகுக் குஞ்சு இறக்கை அடிபட்டுக் கிடப்பது தெரிந்தது. முதலில் தலையிட மாட்டோம் என்ற துறை, பார்வையாளர்களின் நெருக்குதலுக்குப் பிறகு ஆளை ஏற்றிக் குஞ்சை இறக்கியது. எலும்பு முறிந்து தொற்றும் பரவியிருந்ததால் மருத்துவர்கள் அதைக் கருணைக்கொலை செய்யத்தான் முடிந்தது. அதே காலத்தில் மாசசூசெட்ஸின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனம் வைத்திருந்த கேமராவில் விராலடிப்பான் என்ற மீன்பிடிப் பருந்து ஒன்று தன் குஞ்சுகளையே கொத்தியது, பட்டினி போட்டது. குஞ்சுகளை எடுத்துவிடச் சொல்லி வசைமாரி பொழிந்தார்கள் பார்வையாளர்கள். நிறுவனம் கடைசியில் கேமராவையே நிறுத்திவிட்டது. 2016ல் பிட்ஸ்பர்க் நகரத்துக் கழுகுகள் ஒரு பூனையைக் கொண்டுவந்து குஞ்சுகளுக்கு ஊட்டின. மீனும் முயலும் வந்தபோது ரசித்தவர்கள் அன்று அதிர்ந்துபோனார்கள். கழுகுக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் நம் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது.

கோபப்பட்டவர்களை அளவுக்கு மீறி உருகுபவர்கள் என்றோ முட்டாள்கள் என்றோ நான் சொல்ல மாட்டேன். ஒரு குஞ்சு பசியால் கத்துவதைப் பார்த்துவிட்டு மனம் பதறாதவர்தான் கவலைக்குரியவர். ஆனால் தலையிடாமல் இருப்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. ஆள் ஏறினால் நன்றாக இருக்கும் குஞ்சும் மிரண்டு பறக்கத் தெரியாமல் குதித்துவிடும். தாய் திரும்பாமல் போகலாம். ஒரு குஞ்சைக் காப்பாற்றப் போய் எல்லாவற்றையும் இழப்பது இப்படித்தான் நடக்கும். அதைவிட அடிப்படையான இன்னொன்றும் இருக்கிறது. கேமரா இல்லாத ஆயிரக்கணக்கான கூடுகளில் இதே பனி, இதே பசி, இதே சாவு நடந்துகொண்டுதான் இருக்கின்றன. கடைசிக் குஞ்சு பிழைக்காமல் போவது கழுகு இனத்தில் சாதாரணம். நமக்குத் தெரிந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கூட்டுக்கு மட்டும் வேறு விதி எழுத முடியாது. இரையில் வந்த மீன்பிடி நரம்பு குஞ்சின் காலில் இறுகிக்கொண்டால் பேச்சு வேறு. அது மனிதன் செய்த கேடு. அனுமதி வாங்கி, ஏறி அறுத்துவிடுவதைப் பல அமைப்புகள் கடமையாகவே கருதுகின்றன.

இந்தப் பிரிவினை முக்கியமானது, ஏனென்றால் இந்தக் கழுகுகள் இன்று இருப்பதே மனிதக் கையின் இரண்டு வேலைகளால். 1963ல் அலாஸ்கா நீங்கலான அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் எஞ்சியிருந்தவை 417 ஜோடிகள். டிடிடி பூச்சிமருந்து மீன் வழியாகக் கழுகின் உடம்பில் சேர்ந்து முட்டை ஓட்டை மெலிய வைத்தது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் கனத்திலேயே முட்டைகள் நொறுங்கின. 1972ல் அமெரிக்கா டிடிடியைத் தடைசெய்தது. அப்புறம் கை வேறு மாதிரி நீண்டது. கலிஃபோர்னியாவின் சான்டா கேடலினா தீவில் உயிரியலாளர்கள் மெல்லிய ஓட்டு முட்டைகளைக் கூட்டிலிருந்து எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, தாய்க்குப் போலி முட்டைகளைக் கொடுத்து, பொரித்த குஞ்சுகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்கள். பல ஆண்டு இந்த வேலை. 2006ல் அதே தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த சான்டா குரூஸ் தீவில், மனித உதவி இல்லாமல் ஒரு குஞ்சு பொரித்தது. 50 ஆண்டுகளுக்கும் மேல் அந்தத் தீவுகளில் நடக்காதது அது. நேரலையில் அந்தக் கூட்டைப் பார்த்தவர்கள் ஓர் இனம் திரும்பி வருவதைப் பார்த்தார்கள். 2007ல் வெண்தலைக் கழுகு ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2021ல் வெளியான அரசு மதிப்பீட்டின்படி பெருநிலப்பரப்பில் சுமார் 3,16,700 கழுகுகள் இருக்கின்றன. ஒரு கூட்டில் ஒரு குஞ்சு போனால் இனம் தாங்கிக்கொள்ளும் என்ற தைரியம் இந்த எண்ணிலிருந்துதான் வருகிறது.

அந்தத் தைரியம் இல்லாத இடத்தில் விதி மாறிவிடுகிறது. நியூசிலாந்தின் டனீடின் நகரத்தை அடுத்த டயாரோவா முனைக்குப் போனால் தெரியும். கடலிலேயே வாழ்நாளைக் கழிக்கும் அல்பட்ராஸ் பறவையில் 3 மீட்டர் சிறகு விரிக்கும் அரச அல்பட்ராஸ், தீவுகளை விட்டு மனிதர் வாழும் பெருநிலத்தில் கூடு வைக்கும் இடம் உலகில் இது ஒன்றுதான். லான்ஸ் ரிச்டேல் என்ற ஆசிரியர் 1930களில் கூட்டுக்குப் பக்கத்திலேயே முகாம் போட்டுக் காவல் இருந்தார். நாய்களும் மரநாய் இனப் பிராணிகளும் முட்டை திருடும் மனிதர்களும் அண்டாமல் அவர் பார்த்துக்கொண்ட பிறகுதான் 1938ல் அங்கே முதல் குஞ்சு பத்திரமாகப் பறந்து போனது. அவர் வளையம் மாட்டிய ஒரு பெண் பறவை 60 வயதைத் தாண்டி 1989 வரை அந்த முனைக்கு வந்துபோனது. அங்குள்ளவர்கள் அதைப் பாட்டி என்றே அழைத்தார்கள். 2016ல் அதே முனையில் நேரலைக் கேமரா வந்தது.

அங்கே கண்ணோடு கையும் உண்டு. பொரிக்கும் நேரத்தில் ஈக்கள் முட்டை விரிசலில் மொய்த்துப் புழு வைத்துவிடும் என்பதால், காப்பாளர்கள் உண்மை முட்டையை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துவிட்டுத் தாய்க்குப் போலி முட்டை தருவார்கள். வெயில் ஏறினால் தண்ணீர் தெளிப்பார்கள். வாராவாரம் குஞ்சை எடை போடுவார்கள். தாயோ தந்தையோ கடலிலிருந்து திரும்பாமல் எடை குறைந்தால் கையால் இரை ஊட்டுவார்கள். வெள்ளைப் பஞ்சுமூட்டைபோல் உட்கார்ந்திருக்கும் குஞ்சைக் காப்பாளர் தூக்கிப் பையில் வைத்துத் தராசில் தொங்கவிடுவதைப் பார்க்கும்போது, பிக் பேரில் அந்தப் பனி இரவைப் பார்த்தவனுக்கு ஒரு பெருமூச்சு வரும். எட்டு மாதம் கழித்து அந்தக் குஞ்சு ஒரு நாள் காற்றில் ஏறி, யாரும் சொல்லித்தராமல், தென் அமெரிக்கக் கரையை நோக்கிக் கடலைத் தாண்டிப் போகும். மறுபடி தரையில் கால் வைக்க நான்கு, ஐந்து, சில சமயம் பத்து ஆண்டுகள்கூட ஆகும். நம் நேரத்துக்கு அங்கே ஆறரை, ஏழரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலைக் காபி நேரத்தில் திறந்தால் அங்கே பகல் பாதி கடந்திருக்கும்.

உயிரியல் பூங்காவில் கை எப்போதும் பக்கத்துக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் பார்க்கும் மனநிலையே வேறு. பாண்டா குட்டி பிறக்கும்போது சுமார் 100 கிராம்தான், ரோமமில்லாத இளஞ்சிவப்புப் புழுபோல இருக்கும். தாய் திரும்பிப் படுத்தால் நசுங்கிவிடும். குட்டி போட்ட தாயைத் தொந்தரவு செய்யாமல் கவனிக்கக் காப்பாளர்களுக்கே கேமராதான் கண். வாஷிங்டனில் அதையே பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். 2015 ஆகஸ்டில் மே ஷியாங் என்ற பாண்டா இரட்டைக் குட்டி போட்டது. ஒரு குட்டியைத் தாயிடமும் மற்றதைச் சூடு காக்கும் கருவியிலும் வைத்து, சில மணிக்கு ஒருமுறை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். சிறிய குட்டி நான்காம் நாள் இறந்துவிட்டது. பெரியது பே பே என்ற பெயரில் வளர்ந்தது. கை எட்டும் இடத்திலும் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது என்பது அன்று பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. 2013 அக்டோபரில் அமெரிக்க அரசு நிதி ஒப்புதல் இல்லாமல் முடங்கியபோது இந்தப் பாண்டா கேமராவும் அணைக்கப்பட்டது. அரசு அலுவலகங்கள் மூடியதற்கு இணையாக இதற்கும் மக்கள் வருத்தப்பட்டார்கள்.

2017ல் நியூயார்க் மாநிலத்துத் தனியார் பூங்கா ஒன்றில் ஏப்ரல் என்ற ஒட்டகச்சிவிங்கி கர்ப்பமாக இருந்ததை பிப்ரவரியிலிருந்தே நேரலையில் காட்டினார்கள். இன்று நாளை என்று பார்த்திருந்தவர்களை இரண்டு மாதம் காக்க வைத்து ஏப்ரல் 15 அன்று குட்டி பிறந்தது. அந்த நேரத்தில் 12 லட்சம் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பேரைக் கட்டிப்போட்டது ஒட்டகச்சிவிங்கி வைக்கோல் மென்றுகொண்டு நின்ற காட்சி என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புத்தான். ஆனால் பூங்கா கேமராவில் ஓர் ஐயம் விலகுவதில்லை. விலங்கு அதே பாதையில் திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருப்பதை மணிக்கணக்கில் பார்க்கும்போது, நேரில் பத்து நிமிடம் பார்ப்பவருக்குத் தெரியாத சலிப்பு தெரிந்துவிடுகிறது. இரவிலும் கேமராவைத் திறந்து வைக்கும் பூங்காவை நான் மதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். காட்ட வெட்கப்படும் எதுவும் இல்லை என்று அது சொல்கிறது. 2020 ஊரடங்கின்போது வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவும் தன் விலங்குகளை நேரலையில் காட்டியது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அப்படித்தான் அந்த ஆண்டு யானையைப் பார்த்தார்கள்.

சில இடங்களில் பார்ப்பவரின் கண்ணே கையாக மாறியிருக்கிறது. 2023 செப்டம்பரில் காட்மாய் பூங்காவின் டம்ப்ளிங் மலையில் இருந்த கேமராவுக்கு முன்னால், மழையில் நனைந்த ஒருவர் வந்து நின்று, வழி தவறிவிட்டேன், உதவி வேண்டும் என்று வாயசைத்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உடனே சொல்ல, பூங்கா காவலர்கள் போய் அவரைப் பத்திரமாக அழைத்து வந்தார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்தில் 2021ல் இன்னும் அழகான ஓர் ஏற்பாடு வந்தது. வசந்த காலத்தில் மீன்கள் முட்டையிட மேல்நோக்கிப் போகும்போது, படகுகள் வராத மாதம் என்பதால் அங்குள்ள பழைய கால்வாய் மதகு மூடியே கிடக்கும். காத்துக்கிடக்கும் மீன்களை நீர்ப்பறவைகள் தின்றுவிடும். தண்ணீருக்கடியில் ஒரு கேமரா வைத்தார்கள். மீனைக் கண்டவர் திரையில் ஒரு மணியை அழுத்த வேண்டும். போதுமான மணி அடித்தால் மதகுக் காவலர் வந்து திறந்துவிடுவார். கலங்கிய பச்சைத் தண்ணீரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்து, ஒரு மங்கலான வால் தெரிந்ததும் மணி அடிப்பது என்னைப்போல் கையில்லாமல் தவித்த பார்வையாளர்களுக்கு வரப்பிரசாதம்.

பிக் பேரிலும் அப்படி ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது, மரத்தில் ஏறாமலே. கூட்டுக்குப் பக்கத்தில், கழுகுகள் உட்கார்ந்து மீன் பார்க்கும் ஏரிக்கரையில், மூன் கேம்ப் என்ற சுமார் 62 ஏக்கர் நிலத்தில் 50 வீடுகள் கட்டும் திட்டம் பல ஆண்டுகளாக இருக்கிறது. கேமரா நடத்தும் அமைப்பு அதை எதிர்த்து நீதிமன்றம் போனது. அந்த நிலத்தையே விலைக்கு வாங்கிக் காடாக விட்டுவிட 1 கோடி டாலர் திரட்டும் முயற்சியையும் கையில் எடுத்தது. பனிக்காலத்தில் போர்வை போட முடியாமல் தவித்தவர்கள் பணம் அனுப்புகிறார்கள். ஒரு குஞ்சுக்கு நீட்ட முடியாத கையை மரத்துக்கும் கரைக்கும் நீட்ட முடிகிறது. அந்தக் கூட்டைப் பார்க்காத ஒருவர் அந்த 62 ஏக்கரின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு நேரக்கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். பிக் பேரில் குளிர்காலம் என்றால் நமக்கும் அவர்களுக்கும் பதிமூன்றரை மணி நேர வித்தியாசம். நாம் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அங்கே விடியும். ஜனவரியில் முட்டை, மார்ச்சில் குஞ்சு, ஜூனில் பறப்பு. 2025ல் சன்னி ஜூன் 2ஆம் தேதியும் கிஸ்மோ ஜூன் 7ஆம் தேதியும் கூட்டை விட்டுப் பறந்தன. அதற்குப் பிறகு பார்ப்பவர் எண்ணிக்கை சரிந்துவிடும். கேமரா மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். காய்ந்த புல், மீன் செதில், காற்று, தூரத்தில் நீலமாக ஏரி.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் கூட்டின் விளிம்பு லேசாக ஆடும். ஷேடோ தன் உடம்பைவிட நீளமான ஒரு கொம்பை அலகில் குறுக்காகப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கும். அதைக் கூட்டின் ஓரத்தில் படிய வைக்க இழுக்கும், திருப்பும். பக்கத்தில் நிற்கும் ஜாக்கியின் முதுகில் அது இடிக்கும். ஜாக்கி நகராது. கொம்பின் மறுமுனையை அலகால் பிடித்து, தனக்குச் சரியென்று பட்ட பக்கத்துக்கு இழுக்கும்.